அறைக் குளிர்

தமிழிலே "குளிர்" என்னுஞ் சொல் பெரும்பாலும் நல்ல இடங்களிலேயே வந்து வழங்குகின்றது. மனங் குளிர்ந்ததென்பர்; கண் குளிரக் கண்டதாகக் கூறுவர்; வயிறு குளிர வாழ்த்துவர். சினமும் பசியும் பொறாமையுமோ எரிவனவாகவும் காய்வனவாகவுமே பேசப்படுகின்றன. வெயிலின் கொடுமையை அறிந்த மக்கட்கூட்டமொன்று தன் இன்ப துன்பங்களுக்கு இவ்வாறு பெயரிட்டுக்கொண்டமை இயல்பே. ஆங்கிலத்திலே நிலைமை வேறு. அங்கு அன்பு சூடானது, அலட்சியமே குளிர்ந்தது. தமிழ்ச் சொற்களை நாவிற் கொண்டு வடபுலத் தேசங்களிற் குடியேறியோர், ஒவ்வொரு மாரியிலும் தம் மொழியின் வழக்கொன்று தலைகீழாகி நிற்பதைக் காண்கின்றனர்.

இலங்கையில் வீட்டுக்குச் சூடு வேண்டிய இடம் இல்லாமலில்லை. நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களின் சில விடியல்களிற் புல்லின்மீது உறைபனி படிவதுண்டு. தோட்டத்துரைமாருக்கென அங்குக் கட்டப்பெற்ற பங்களாக்களிற் கணப்படுப்புகளும் புகைபோக்கிகளும் இன்றுங் காணத்தக்கன. அதே மலையில், அதே பனியில், லயன் அறைகளில் வாழ்ந்த தொழிலாளருக்கு வாய்த்தவை சமையலடுப்பின் புகையும் ஒரு கம்பளியுமே. எவருடைய குளிர் குளிராகக் கணக்கிலெடுக்கப்பட்டது என்பதை அக்கட்டடங்களே சொல்லிவிடுகின்றன. ஈண்டுக் கூறப்படுவதும் அத்தகைய கணக்கொன்றைப் பற்றியதே. ஆயின் இது நிகழ்ந்த இடம் மலைநாடன்று, இலண்டனின் வடமேற்கேயுள்ள ஹரோ.

பிரித்தானிய வீடுகள் நெடுங்காலமாக நிலக்கரிக் கணப்புகளையே நம்பியிருந்தன. 1952 மார்கழியில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தின் பின்னர், 1956 இல், தூய காற்றுச் சட்டம் வந்தது. 1965 இல் வடகடலில் இயற்கைவாயு கண்டறியப்பட்டது. 1967 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகளாக நாடெங்குமுள்ள வீட்டு அடுப்புகளும் உபகரணங்களும் அவ்வாயுவுக்கேற்ப மாற்றப்பட்டன. கரிக்கணப்பு போய், ஒரு கொதிகலன், ஒரு பம்பி, அறைதோறும் ஓர் உருக்கு ரேடியேற்றர் என்னும் ஒழுங்கு பொதுவழக்காயிற்று. இவ்வொழுங்கின் தத்துவம் எளியது. கொதிகலனிற் சூடேறிய நீரைப் பம்பி குழாய்களினூடே செலுத்தும், நீர் ரேடியேற்றர்களிற் சூட்டை விட்டு ஆறித் திரும்பும், மீண்டுஞ் சூடேறும். நீர் செலவாவதில்லை. அது சூட்டைச் சுமந்து செல்லும் ஒரு சுமைகாரன் மாத்திரமே.

மேற்குறித்த வீடு 1930களில் எழுந்த, அயலவருடன் ஒரு சுவரைப் பகிர்ந்து நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற குடும்பமொன்று அதனை வாங்கிப் பின்புறத்தே விசாலமான சமையற்கூடமொன்றைக் கட்டி, அதன் தரைக்கடியிலே வெந்நீர்க் குழாய்களையும் பதித்திருந்தது. முன்புற மேல்மாடியறையில் வீட்டுத் தலைவனின் தாயார் இருந்தார், வயது எண்பத்திரண்டு. கொதிகலனை மாற்றித் தரைக்குழாய்களை அதனுடன் இணைத்த வேலையாட்கள் பணத்தைப் பெற்றுச் சென்றதன் பின் வந்த முதலாவது மாரியிலேயே, அம்மூதாட்டி தம் அறை குளிர்கின்றதென முறையிடத் தொடங்கினார்.

வீட்டாரின் மறுமொழி அன்பு நிறைந்ததாகவே இருந்தது. எனினும் அது முறைப்பாட்டுக்குரிய மறுமொழியாக இருக்கவில்லை. கம்பளிச் சட்டையொன்று வாங்கிக் கொடுத்தனர். பின்னர் இன்னொன்று. அதன் பின்னர்க் காலடியில் வைப்பதற்கு வெந்நீர்ப் பையொன்று. ஊர் வெயிலில் இருந்த உடம்பு, வயதும் போய்விட்டது, குளிரத்தான் செய்யுமென்றனர். மருத்துவரும் இரத்தத்தைப் பரிசோதித்துக் குறையேதுமில்லையெனக் கூறிவிட்டார். கீழ்த்தளத்து நடைவழிச் சுவரிலே, சமையற்கூட வாயிலுக்கு அருகில், வீட்டின் வெப்பநிலையை ஆளும் தேமோஸ்ரற் இருந்தது. அஃது எந்நேரமும் 21 பாகை காட்டியது. கருவியொன்று இலக்கத்தாற் பேசியதன் பின்னர் மூதாட்டியின் சொல்லுக்கு அவ்வீட்டிலே பெறுமதி இல்லாது போயிற்று.

கொதிகலனின் ஆண்டுப் பராமரிப்புக்கென வந்தவர் உரும்பிராயைச் சேர்ந்தவர். தோட்டக்காரர் ஒருவரின் மகன். 1980களில் இலண்டனையடைந்து, பகலிற் பெற்றோல் நிலையத்திலும் இரவில் தொழிற்கல்லூரியிலுமாகச் சில ஆண்டுகளைக் கழித்து வெப்பமூட்டற் தொழிலைக் கற்றவர். எரிவாயு வேலை செய்வோர் அங்கு 2009 முதல் "காஸ் சேஃப்" என்னும் பதிவேட்டிற் பதிந்திருத்தல் வேண்டும், அதிற் பதிவுபெற்றவர். பத்திரத்திற் கையெழுத்திட்டுப் புறப்படுகையில் மாடிப்படியின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஒருக்கால் மேலை வந்து பார் மோனை. இது என்ரை உடம்புக் குளிரில்லை. அறைக் குளிர்."

"எப்ப குளிருது அம்மா? நாள் முழுக்கவோ?"

"பின்னேரம் கீழை குசினி சூடாகத் துவங்கினாப் போதும், இஞ்சை குளிரத் துவங்கும். குசினி ஆறினாப் பிறகு இது கொஞ்சம் சுடும். நான் நேரம் பார்த்து எழுதி வைச்சிருக்கிறன்."

அவர் எழுதியே வைத்திருந்தார். கிழித்தெடுத்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில், ரேடியேற்றரைக் கையால் தொட்டுப் பார்த்த நேரங்களும் "சூடு", "இளஞ்சூடு", "பச்சைத்தண்ணி" என்னுங் குறிப்புகளும் ஆறு வாரங்களுக்கு ஒழுங்காக இருந்தன. பல்கலைக்கழகங்களிலே கள ஆய்வு என்னும் பெயரில் நடைபெறுவன சிலவற்றிலும் இது மேலான பதிவு எனத் தயங்காது கூறலாம். வந்தவர் அத்தாள்களை நின்றபடியே வாசித்தார். பின்னர்த் தம் பையிலிருந்து சிறிய வெப்பமானியொன்றை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டு, மாலை ஏழு மணிக்கு அதனைப் பார்க்கும்படி மகனிடஞ் சொல்லிச் சென்றார். ஏழு மணிக்கு அது 14 பாகை காட்டியது. வீடொன்றின் உள்வெப்பநிலை குளிர்காலத்தில் 18 பாகையாவது இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. முதியோருக்கு அதனிலுங் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்பதும் அதன் கருத்து. குளிரறையில் இருப்போரின் இரத்த அமுக்கம் உயர்வதும் சுவாச நோய் மிகுவதும் மருத்துவம் அறிந்த செய்திகள். கம்பளிச் சட்டையினால் உடலை மூடலாம். உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்க அதனால் இயலாது.

மறுநாள் அவர் மீண்டும் வந்து, ரேடியேற்றருக்கு நீர் வரும் குழாயிலும் நீர் திரும்பும் குழாயிலும் வெப்பமானிகளைக் கவ்வவைத்துவிட்டுச் சமையற்கூடத் தரையின் பம்பியை ஓடவும் நிற்கவுஞ் செய்து பார்த்தார். பம்பி நின்றபோது மேல்மாடிக் குழாய் சூடாகியது. பம்பி ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் அக்குழாய் ஆறிப்போயிற்று. தரைப்பம்பி மாத்திரம் ஓடும் வேளைகளிலோ கொதிகலன் கேத்தில் கொதிப்பதுபோல் இரைந்து தானாகவே அணைந்தது. முறைப்பாட்டின் காரணம் அகப்பட்டது.

அவ்வீட்டில் மூன்று பம்பிகள் இருந்தன. ஒன்று கொதிகலனின் உள்ளேயே அமைந்தது; ஒன்று ரேடியேற்றர்களுக்குரியது; மற்றையது தரைக்குரியது. முன்னையோர் இம்மூன்றையும் ஒரே குழாய்வழியிற் பொருத்திவிட்டுப் போயிருந்தனர். இன்றைய கொதிகலன்களின் உட்புற நீர்வழி மிகக் குறுகலானது. எனவே இரு பம்பிகளும் தத்தமக்கு வேண்டிய நீரை அக்குறுகல் வழியினூடாகவே இழுக்க வேண்டியிருந்தது. வலுமிக்க தரைப்பம்பி இழுக்கும்போது அப்பொதுவழியில் ஏற்படும் அமுக்க வேறுபாட்டை மற்றைய பம்பியால் வெல்ல முடிவதில்லை. நீர் அருகிலுள்ள ரேடியேற்றர்கள் வரை தட்டுத்தடுமாறிப் போகும். தொலைவிலுள்ள மேல்மாடி முன்னறையை எட்டாது. பம்பி பழுதில்லை, குழாயில் அடைப்பில்லை, கொதிகலனிற் குறையில்லை. ஒவ்வொன்றையுந் தனித்தனியே சோதித்தால் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். இவ்வகைக் கோளாறு நெடுநாள் அகப்படாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

இதனை அவர் மகனுக்கு விளக்கிக்கொண்டிருக்கையிற் படியில் அமர்ந்திருந்த தாயார் இடையிட்டார்.

"பங்குக் கிணத்திலை பெலத்த மிசின்காரன் இறைக்கேக்கை மற்றவன்ரை மிசின் காத்து இழுக்கிற மாதிரியோ?"

"அதேதான் அம்மா. இதுக்கு நடுவிலை ஒரு தொட்டி வைக்கவேணும்."

தோட்டச் செய்கையை அறிந்தோருக்கு இவ்வுரையாடல் முழுவதும் விளங்கும். கிணற்றடியிலே மிசின் இறைக்கும் நீர் நேரே பாத்திக்குப் போவதில்லை. முதலிற் கிணற்றடித் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வாய்க்கால்வழி செல்கின்றது. வாய்க்கால் எவ்வளவு நீளமென்பதோ, எந்த மடை திறந்திருக்கின்றதென்பதோ மிசினுக்குத் தெரிய வேண்டியதில்லை. மிசினின் வேகம் மடைக்காரனுக்குத் தெரிய வேண்டியதில்லை. தொட்டி இருவரையும் பிரிக்கின்றது, பிரித்து இணைக்கின்றது. வெப்பமூட்டற் தொழிலில் இக்காரியத்தைச் செய்யும் உறுப்பை ஆங்கிலத்தில் "லோ லொஸ் ஹெடர்" என்பர். இழப்புக் குறைந்த தலைக்குழாய் எனத் தமிழிற் சொல்லலாம். இங்கு இழப்பென்றது வெப்ப இழப்பையன்று, அமுக்க இழப்பையே. பெயரை நம்பி வெப்பக் காப்புறை இடாது விட்டால் வெப்பமும் இழக்கப்படும். ஜேர்மானியர் இதற்குப் புகையிரதப் பாதையில் தண்டவாளம் பிரியும் இடத்தைக் குறிக்குஞ் சொல்லை ஆளுகின்றனர். இத்தாலியர் நீரியற் பிரிப்பான் என்கின்றனர். மூன்றனுள்ளும் இத்தாலியரின் பெயரே பொருளுக்கு நெருங்கியதாகத் தோன்றுகின்றது. உரும்பிராய்க்காரரின் "தொட்டி" அதனிலும் நெருங்கியது; ஆயினும் அக்குழாயில் நீர் தேங்கி நிற்பதில்லை, இரு நீரோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி கடந்து செல்கின்றன என்னும் வேறுபாட்டை மறத்தலாகாது. அவ்வேறுபாடு பின்னர் அவரையே பிடித்துக்கொண்டது.

ஹெடர் என்பது செங்குத்தாக நிற்கும் ஒரு தடித்த குழாய், அவ்வளவே. அதன் ஒருபுறத்தில், மேலே, கொதிகலனிலிருந்து சூடான நீர் வந்து சேரும். அதே புறத்திற் கீழே ஆறிய நீர் கொதிகலனுக்குத் திரும்பும். மறுபுறத்தில், மேலேயிருந்து ரேடியேற்றர்களுக்கும் தரைக்கும் நீர் செல்லும். கீழே அவற்றின் நீர் திரும்பி வரும். குழாய் போதிய தடிப்புடையதாயின் அதன் மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் இடையே அமுக்க வேறுபாடு ஏறத்தாழ இல்லாதொழியும். வேறுபாடு இல்லாதபோது ஒரு பம்பியின் இழுவை மற்றையதன் வழியைத் தாக்குவதில்லை. கொதிகலனின் பம்பி கொதிகலனுக்கு மாத்திரம் உழைக்கும். ஏனையவை தத்தம் சுற்றுகளுக்கு உழைக்கும்.

எவ்வளவு தடிப்பு என்பதே வினா. அவர் முதலில் வீட்டின் ஒவ்வோர் அறையையும் அளந்து, சுவர், யன்னல், கூரை என்பவற்றினூடே கடுங்குளிர் நாளொன்றில் வெளியேறும் வெப்பத்தைக் கணித்தார். முழு வீட்டுக்கும் ஏறத்தாழ 11 கிலோவாற்று. நீர் 70 பாகையிற் புறப்பட்டு 50 பாகையில் திரும்புமாயின், ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 4.18 கிலோயூல் வேண்டுமென்னும் பாடசாலைக் கணக்கின்படி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 லீற்றர் நீர் ஓடினாற் போதும். ஆயின் கொதிகலனின் பம்பி 16 லீற்றர் வரை செலுத்த வல்லது. பெரிய எண்ணுக்கே குழாயை அமைத்தல் முறை. 22 மில்லிமீற்றர்ச் செப்புக் குழாயில் 16 லீற்றர் ஓடும்போது நீரின் வேகம் செக்கனுக்கு 0.85 மீற்றர் அளவில் இருக்கும். ஹெடரில் அது 0.1 மீற்றரளவுக்குக் குறைதல் வேண்டும். விட்டம் மூன்று மடங்கானாற் பரப்பு ஒன்பது மடங்காகும், வேகம் ஒன்பதிலொன்றாகும். ஆகவே 60 மில்லிமீற்றர் உள்விட்டங் கொண்ட குழாய். தொழிலாளர் "மூன்று மடங்கு விதி" என மனனஞ் செய்திருப்பது இக்கணக்கையே. வேகம் குறைவதனால் இன்னொரு நன்மையும் உண்டு. விரைந்தோடும் நீர் காற்றுக் குமிழியையும் அழுக்கையும் அள்ளிக்கொண்டே போகும். மெல்லச் செல்லும் நீரிற் குமிழி மேலெழும், அழுக்கு கீழே படியும். அதனாலேயே ஹெடரின் உச்சியிற் காற்றுப்போக்கி வால்வொன்றும் அடியில் வடிகுழாயொன்றும் வைக்கப்படுகின்றன. படுக்கையாகப் பொருத்தினால் இவ்விரு நன்மைகளும் போய்விடும்.

மகனுக்கு ஓர் ஐயம். தேமோஸ்ரற் 21 பாகை காட்டும்போது ஏன் செலவு செய்யவேண்டும்?

"அண்ணை, அம்மாவின்ரை அறைக்கு ஒரு மின்கணப்பு வாங்கிவைச்சால் மலிவாய் முடியாதோ?"

"வைக்கலாம் தம்பி. மின்சாரம் காஸிலும் பார்க்கப் பலமடங்கு விலை. கொதிகலன் இடைக்கிடை அணையிற வருத்தமும் அப்பிடியே இருக்கும், மூண்டு வருஷத்திலை அதையும் மாத்தவேண்டி வரும்."

முதலிரு காரணங்களையும் கேட்ட பின்னர் மகன் இணங்கினார். தாயாரின் குளிரைக் காரணமாகக் காட்டியிருந்தால் இணங்கியிருக்கமாட்டார் எனக் கூறுவது அநியாயம். ஆனால் அதனைக் காட்டவேண்டிய தேவை வரவில்லை.

வேறு வழியும் இருந்தது. நெருங்கிய இரு கிளைக் குழாய்கள், தம்மிடையே குழாயின் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேற்படாத தூரத்தில் ஒரே குழாயிற் பொருத்தப்படுமாயின் அவையும் ஹெடரின் வேலையைச் செய்யும். ஆயின் அதற்கு முன்னும் பின்னும் நேரான குழாய் ஓரளவு நீளத்துக்கு வேண்டும்; கொதிகலன் இருந்த அலுமாரிக்குள் அதற்கு இடமில்லை. ஹெடரே தீர்மானமாயிற்று. வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. நீரை வடித்தனர், பழைய இணைப்புகளை வெட்டினர், ஹெடரைச் சுவரில் தாங்கிகளாற் பிணித்தனர். நீர் நிரம்பிய ஹெடரின் பாரத்தைக் குழாய்கள் சுமத்தலாகாது. வெந்நீரின் வெப்பநிலையை அறியும் உணரியை ஹெடரின் உச்சியிலுள்ள பொந்தில், அறைகளுக்கு நீர் புறப்படும் பக்கத்தில், செருகினர். துருவைத் தடுக்கும் மருந்தைக் கலந்து நீரை நிரப்பி, குளிர்நிலையில் ஒன்றரை பார் அமுக்கத்துக்கு ஏற்றினர். ரேடியேற்றர் ஒவ்வொன்றிலும் காற்றை வெளியேற்றினர். மாலை ஏழு மணிக்கு மூதாட்டி தமது வெப்பமானியைத் தாமே வாசித்தார். 19 பாகை. அவர் எவரிடமும் எதுவுங் கூறவில்லை. நாட்காட்டித் தாளில் எழுதிக்கொண்டார்.

இத்துடன் கதை நிறைவுற்றிருந்தால் தொழிலைப் புகழும் துண்டுப்பிரசுரமொன்றாக முடிந்திருக்கும். தை மாதத்துக் காஸ் கட்டணம் வந்தபோது மகன் தொலைபேசியில் அழைத்தார். வீடு சூடாக இருக்கின்றது, ஆனாற் பணம் எதிர்பார்த்ததிலுங் கூடுதலாகப் போகின்றது. மேல்மாடி உண்மையாகவே சூடேறுவதால் ஓரளவு செலவு மிகுவது நியாயமே. எனினும் வேலை செய்தவர் மாசி மாதத்துக் குளிர்நாளொன்றில் வந்து பார்த்தார். பார்த்ததும் தம் தவற்றைக் கண்டார்.

கொதிகலனின் பம்பியை அவர் தொழிற்சாலையில் வைத்திருந்த வேகத்திலேயே விட்டிருந்தார். ஒருபுறத்தில் 16 லீற்றர் வருகின்றது; மறுபுறம் 8 லீற்றரையே எடுத்துச் செல்கின்றது. மிகுதி 8 லீற்றர் என்னாகும்? ஹெடரினுள்ளே மேலிருந்து கீழாக இறங்கி, எந்த அறையையுங் காணாமல் 70 பாகைச் சூட்டுடனேயே கொதிகலனுக்குத் திரும்பும். அறைகளிலிருந்து 50 பாகையில் வரும் 8 லீற்றருடன் அது கலந்தால் திரும்பும் நீர் 60 பாகை. அங்கேதான் கேடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 சித்திரை முதல் புதிதாகப் பொருத்தப்படும் காஸ் கொதிகலன்கள், ஒரு சில விலக்குகள் தவிர, ஒடுக்கற் கொதிகலன்களாக இருத்தல் வேண்டும். புகையோடு வெளியேறும் நீராவியை ஒடுக்கி, அதிலுள்ள வெப்பத்தையும் மீட்டெடுப்பதே அவற்றின் சிறப்பு. திரும்பும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தாலே அவ்வொடுக்கம் நிகழும். 60 பாகையில் நீராவி ஆவியாகவே கூரைக்கு மேலாற் போய்விடுகின்றது. வெளியே நின்று பார்த்தபோது ஒடுங்கிய நீர் வடியவேண்டிய குழாய் காய்ந்திருந்தது.

ஒருவரின் குளிரைப் போக்கிய குழாயே கொதிகலனின் சிறப்பைக் கெடுத்துவிட்டது. எதிர்மாறான பிழையும் நேரலாம். கொதிகலன் 12 லீற்றர் தர, அறைகள் 20 லீற்றர் இழுக்குமாயின் பற்றாக்குறையான 8 லீற்றர் ஆறிய நீர் ஹெடரிற் கீழிருந்து மேலேறிச் சூடான நீருடன் கலக்கும். 70 பாகையில் புறப்பட்ட நீர் அறைகளுக்கு 62 பாகையிலேயே போய்ச்சேரும். பிரித்துவைப்பதற்கு விலை உண்டு. அவ்விலை வெப்பநிலையாற் செலுத்தப்படுகின்றது. இதனைச் சிந்தியாது, உற்பத்தியாளரின் வரைபடத்தில் இருக்கின்றதென்பதற்காக, ஒரு பம்பியும் ஒரு சுற்றுமேயுள்ள சிறு வீடுகளிலும் ஹெடரைப் பொருத்துவது நோயில்லாதவனுக்கு மருந்து கொடுப்பதை ஒக்கும். குழாய்களைக் கணித்து இட்டு, ஒரே பம்பியால் வீட்டை ஓட்ட முடியுமாயின் அதுவே நன்று என்பது இத்தொழிலாளியின் கருத்து. இவ்வீட்டில் ஹெடர் வேண்டியிருந்ததும் உண்மை. அதனை வைத்தபின் இருபுறத்து நீரையும் அளந்து சமப்படுத்தாது போனதும் உண்மை. இரண்டாவதற்கு அவர் கூலி கேட்கவில்லை.

திருத்தம் கால்மணி நேரத்து வேலை. பம்பியின் வேகத்தைக் குறைத்து நிமிடத்துக்கு 10 லீற்றருக்குக் கொணர்ந்தார். 8 லீற்றர் 50 பாகையிலும் 2 லீற்றர் 70 பாகையிலுங் கலந்து 54 பாகையாயிற்று. வடிகுழாயிலே துளிகள் விழத் தொடங்கின. பின்னர், கடுங்குளிரில்லாத நாட்களுக்கு 70 பாகை வேண்டியதில்லையென்று கூறி, புறப்படும் நீரை 60 பாகைக்குக் குறைத்தார். மூதாட்டியின் அறை ஆறிவிடாதா என மகன் வினவினார். இவ்வினாவை அவர் முன்னொரு போதுங் கேட்டதில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆறினாற் சொல்லச் சொல்லுங்கள், அவருக்குத் தெரியும் என்பதே கிடைத்த விடை.

காஸை விட்டு வெப்பப் பம்பிக்கு மாறுவதைப் பற்றியும் மகன் கேட்டார். அந்நாட்டில் இப்போது பரவலாகப் பேசப்படும் விடயம் அது. வெளிக்காற்றிலுள்ள சூட்டை மின்சாரத்தால் இறைத்து உள்ளே தரும் அப்பொறி, நீரை 45 பாகையளவிலே தருவதையே விரும்பும். புறப்படும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் இடையே 5 பாகை வேறுபாடே வைக்கும். அதே 11 கிலோவாற்றைச் சுமப்பதற்கு அப்போது நிமிடத்துக்கு 8 லீற்றர் போதாது. 32 லீற்றர் வேண்டும். பழைய மெல்லிய குழாய்கள் அதைத் தாங்கமாட்டா. ரேடியேற்றர்களும் பெருக்க வேண்டிவரும். நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்துவதற்கு ஏறத்தாழ நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு கூடுதலான மின்சாரம் வேண்டும் என்பதால், ஹெடரினுள் நேருஞ் சிறு கலப்பும் அங்குப் பெரிய நட்டமாகும். "அப்ப இதைக் கழட்டவேண்டி வரும்" என்றார், தாமே பொருத்திய குழாயைத் தட்டியபடி. அவர் குரலில் வருத்தமெதுவும் இருக்கவில்லை.

புறப்படுமுன் ஹெடரின் அடியிலுள்ள வடிகுழாயின் கீழ் வாளியொன்றை வைத்துத் திறந்தார். கரிய நீர் விழுந்தது. உருக்கு ரேடியேற்றர்களின் உட்புறம் பல்லாண்டுகளாக அரித்துண்டாகிய துரு அது. மெல்லச் செல்லும் நீரிலிருந்து இரு மாதத்துள் அவ்வளவு படிந்திருந்தது. மூதாட்டி கம்பளிச் சட்டையின்றி, சேலைத்தலைப்பை மாத்திரம் போர்த்தியவராய், படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, கரியோ?"

"இரும்பு அம்மா. துரு."

"தண்ணி நல்ல சூடாய்க் கிடக்குது. ஆறவிட்டுக் கறிவேப்பிலைக் கண்டுக்கு ஊத்தலாமோ?"

"ஊத்தப்படாது. மருந்து கலந்த தண்ணி."

குசினி யன்னலோரத்துச் சாடியில் நின்ற கன்றை ஒருமுறையும் வாளியை ஒருமுறையும் பார்த்துவிட்டு அவர் மேலேறிச் சென்றார். அன்றைய தாளில், மாலை நான்கு மணி பத்து நிமிடம் என்பதற்கு எதிரே 20 என்றும், அதன் கீழே, புதிய மை கொண்டு, "வேகம் குறைச்சது" என்றும் எழுதப்பட்டிருந்தது.